பதினோரு குறைகளும் ஒரு புட்டுக்குழலும்

நம் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். சூட்டை எப்படி அளப்பது, எவ்வளவு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்ப்பது என்பதெல்லாம் அலமாரியில் உள்ள கோப்புகளில் இருக்கிறது, படித்துக்கொள்வீர்கள். நான் சொல்லப்போவது வேறு. ஒரு தடவை ஒரு வேலையை எழுத்துக்கு எழுத்து சரியாகச் செய்து முடித்தேன். அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆனாலும் இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. கோலாலம்பூருக்குப் பக்கத்தில் ஷா ஆலத்தில், அப்போது கம்ப்யூட்டர் பூட்டி அனுப்பிக்கொண்டிருந்த நம் தொழிற்சாலை. நான் அங்கே இதே மதிப்பீட்டுப் பிரிவில் இருந்தேன். புதுச் சாமான் எது வந்தாலும் என் மேசைக்கு வரும். நான் அதை வாட்டி வதக்கிப் பார்த்துவிட்டு, பாஸா ஃபெயிலா என்று கையெழுத்துப் போடுவேன். அப்போது எனக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கை சுத்தமானவள், கண் கூர்மையானவள் என்று பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் பெட்டிகளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எல்லாம் ஒரே அச்சு. பழுப்பேறிய பல் நிறத்தில் ஒரு சதுரத் தகரப் பெட்டி, பின்னால் ஒரு காற்றாடி, கழற்ற ஆறு திருகாணி. காற்றாடி போடும் சத்தத்துக்கு அறையில் பேச வேண்டுமென்றால் குரலை உயர்த்த வேண்டும்.

வடிவமைப்புப் பிரிவில் ஒருவர் இருந்தார். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அப்பா ஜெஞ்சாரோம் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர். இவர் படித்து முடித்துவிட்டுக் கிள்ளானில் வாடகை அறை எடுத்துத் தங்கியிருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பேச்சு குறைவு, கை எப்போதும் எதையாவது கிறுக்கிக்கொண்டே இருக்கும். கேன்டீனில் நாசி லெமாக் தேங்காய்ச் சோறு சுற்றி வந்த தாளைக்கூட விடமாட்டார்.

வேலை முடிந்ததும் ஷா ஆலம் கொமுட்டர் ரயில் ஸ்டேஷனுக்கு இருவரும் ஒன்றாகத்தான் நடப்போம். எனக்குக் கோலாலம்பூர் பக்கம் போகும் ரயில், வீடு பிரிக்ஃபீல்ட்ஸில். அவருக்கு எதிர்ப்பக்கம். என் ரயில் வரும்வரை என் பிளாட்பாரத்திலேயே நிற்பார். நான் ஏறிய பிறகுதான் பாலம் ஏறி அந்தப் பக்கம் போவார். அதற்குள் கிள்ளான் ரயில் ஒன்றிரண்டு போயிருக்கும். "உங்க ரயில் போவுதே" என்பேன். "அடுத்தது வரும் லா" என்பார். அவ்வளவுதான் எங்களுக்குள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அவர் ஒரு சாமானை இரு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். இரண்டடி உயரம், எட்டுப் பட்டை, கரும்பச்சை நிறம், நிமிர்ந்து நிற்கிற ஒரு குழாய். அடியில் குட்டையாக மூன்று கால்.

"என்ன இது?"

"கம்ப்யூட்டர்."

என் அறையிலிருந்த பெண்கள் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். ஒருத்தி, "புட்டுக்குழல் மாதிரி இருக்கு அண்ணே" என்றாள். எல்லாரும் சிரித்தோம். அவருக்குக் கோபம் வரவில்லை.

"அதேதான். ஆவி கீழேருந்து மேலே போவுது இல்ல? சூடும் அப்படித்தானே போவும். நாம எதுக்கு அதைப் பின்பக்கமா தள்ளி, அதுக்கு இவ்ளோ பெரிய காத்தாடி வச்சு, இவ்ளோ சத்தம் போடணும்? கீழே மெதுவா ஒரு காத்தாடி, மேலே திறந்த வாய். மிச்சத்தைச் சூடே பாத்துக்கும்."

பக்கத்தில் இருந்த கொக்கியை நெம்பினார். டிபன் கேரியர் திறப்பதுபோல ஒரு பக்கம் முழுசாகக் கையோடு வந்தது. திருகாணி ஒன்றுகூட இல்லை. உள்ளே எல்லாம் நெட்டுக்குத்தாக, வரிசையாக நின்றன. பல வருடமாகப் பெட்டிகளைத் திறந்து மூடுகிறவள் நான். அதுவரை ஒன்றின் உள்பக்கத்தைப் பார்த்து அழகு என்று நினைத்ததில்லை.

இப்படி இரண்டே இரண்டு செய்திருந்தார்கள். அச்சு வார்த்து மொத்தமாகத் தயாரிக்கலாமா வேண்டாமா என்று வெளிநாட்டுத் தலைமை அலுவலகம் முடிவெடுக்கும். அதற்கு என் அறிக்கை வேண்டும். மூன்று வாரம் அவகாசம், வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசி. இதை எங்கள் மேனேஜர் டான் வந்து சொன்னார். "நாலு வருஷமா இதைப் பண்ணணும்னு கேட்டுக்கிட்டு இருந்தான். நான்தான் இப்போ சரின்னேன். நீ ஒழுங்காப் பாரு" என்றார். அவர் பேசியது ஆங்கிலத்தில், நான் தமிழாக்கிச் சொல்கிறேன்.

சோதனை அறையில் முதல் இரண்டு வாரம் அது எல்லாவற்றையும் தாங்கியது. சூட்டு அறை, ஈர அறை, குலுக்கும் மேசை எதற்கும் அசரவில்லை. மூன்றாவது வாரம் நிஜ மனிதர்கள் புழங்கும் இடத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் என் அக்கா தட்டச்சு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். அப்போதுதான் டைப்ரைட்டர்களைக் குறைத்துவிட்டு நாலைந்து கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தாள். அவற்றின் நடுவில் இதைக் கொண்டுபோய் வைத்தேன்.

முதல் நாள் மற்ற மெஷின்களைப் போடுவதற்கு முன்னால் இதைப் போட்டேன். அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஓடுதா ஓடலையாடி?"

எனக்கே சந்தேகமாகிவிட்டது. குனிந்து காதை வைத்துக் கேட்டேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. தொழிற்சாலையில் இருபது மெஷின் இரைச்சலுக்கு நடுவே இதைச் சோதித்தபோது, இப்படி ஓசையில்லாமல் ஓடும் என்பதே எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. இதை எங்கே எழுதுவது என்று படிவத்தைப் புரட்டினேன். சத்தத்துக்கு என்று ஒரு கட்டமும் அதில் இல்லை. மூடி வைத்துவிட்டேன்.

அந்த இடத்தில் உட்கார்ந்து தட்டியவர் ஓய்வுபெற்ற ரயில்வே கிளார்க் ஒருவர். எழுபது வயதைத் தொட்டவர், காதுக்கு மெஷின் மாட்டியிருப்பார். எல்லாரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள். தன் ரயில்வே வாழ்க்கையைப் பேரப்பிள்ளைகளுக்காக எழுதிக்கொண்டிருந்தார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுவார். காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் மத்தியானம்வரை எழுந்திருக்க மாட்டார்.

அந்த வார வியாழக்கிழமை அளவு எடுப்பதற்காக நான் வகுப்புக்குப் போனபோது அங்கிள் இரண்டு கையையும் கீபோர்டு மேல் வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரை அப்படியே உறைந்து நின்றது.

"என்னம்மா, நகர மாட்டேங்குது?"

நான் மெஷினைப் பார்த்தேன். அதன் உச்சியில் வெள்ளை நூலில் பின்னிய துணி ஒன்று அழகாக விரித்திருந்தது, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி. துணியை எடுத்தேன், கை பொசுங்கியது.

"அக்கா! இதை யார் போட்டா?"

"நான்தான். வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது, தூசி விழாதா? டிவிக்குப் போடுறோம், ரேடியோவுக்குப் போடுறோம், இதுக்கு மட்டும் போடக்கூடாதா?"

அக்கா சொன்னதில் தப்பேயில்லை. நம் வீடுகளில் மூடாத சாமான் எது? இரண்டு வாரம் நான் வாட்டியெடுத்த மெஷினை ஒரு முழம் துணி சாய்த்துவிட்டது. அணைத்துவிட்டுத்தான் மறுபடி போட முடிந்தது. அங்கிள் காலையிலிருந்து தட்டியது எல்லாம் போய்விட்டது.

அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பா செத்த அன்னிக்கு நடந்ததை இன்னிக்குத்தான் எழுதி முடிச்சேன். மறுபடியும் எழுதணுமா?" என்று கேட்டார். என்னைக் கேட்டாரா, தனக்குத்தானே சொன்னாரா, தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு மெல்லப் படியிறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை அறிக்கை எழுத உட்கார்ந்தபோது என் கண் முன்னால் அங்கிளின் முகம்தான் நின்றது. இதை முக்கியமாகக் கவனியுங்கள். நான் கோபத்தில் இருந்தேன். அந்தக் கோபத்துக்கு நியாயம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். மேல் வாயை மூடினால் சூடேறுகிறது. மேலே இருந்து எது சிந்தினாலும் நேராக உள்ளே போகும். ஒயர்களை அடியில் மாட்ட மெஷினைத் தூக்கிச் சாய்க்க வேண்டும். முழங்கால் பட்டால் ஆடுகிறது. மெஷின் ஓடும்போதே கொக்கி திறக்கிறது. ஒரு நாள் உள்ளே பல்லி இருந்தது. இப்படி எண் போட்டு எழுதிக்கொண்டே போனேன், பதினொன்றில் வந்து நின்றது. கீழே ஃபெயில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அது அவர் செய்த மெஷின் என்பது எனக்கு மறந்துபோகவில்லை. சொல்லப்போனால் அதனாலேயே இன்னும் கறாராக எழுதினேன். வேண்டியவர் என்று சாய்ந்துவிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே! டான் வாங்கிப் படித்தார். அன்றைக்கே அது ஃபேக்ஸில் போய்விட்டது.

சனிக்கிழமை வழக்கமான சதுரப் பெட்டி ஒன்றை அக்கா வகுப்பில் வைத்துவிட்டுப் புட்டுக்குழலை எடுத்து ஓரமாக நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை காலை அங்கிள் வந்தார். புதுப் பெட்டி முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்தார். பிறகு காதிலிருந்த மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"அம்மா, அந்தப் பழையதையே வைங்களேன்."

"அங்கிள், அதுலதானே எல்லாம் போச்சு?" அவர் காதோரம் குனிந்து உரக்கக் கேட்டேன்.

"போனா போவட்டும், திரும்ப எழுதிக்கிறேன். இது போடுற சத்தம் பூரா என் காதுக்குள்ள வந்து உக்காந்துக்குது. உங்க அக்கா பாடம் சொல்றது ஒன்னும் கேக்கல. காது மெஷினைக் கழட்டினா சுத்தமா கேக்கல. அதுல உக்காந்தப்ப நல்லா கேட்டுச்சும்மா. பக்கத்துப் பொண்ணு சிரிக்கிறதுகூடக் கேட்டுச்சு."

காதை வைத்துக் கேட்டவள் நான். எழுதாமல் மூடி வைத்தவளும் நான்தான்.

திங்கட்கிழமை காலை டான் அறைக்கு வெளியே அவருக்காகக் காத்திருந்தேன். விஷயத்தைச் சொன்னேன். அறிக்கையோடு இன்னொரு பக்கம் சேர்த்து அனுப்ப வேண்டும் என்றேன்.

"அப்போ இது பாஸா?"

"இல்ல. ஃபெயில்தான். மூடினா சூடேறுதே."

"நீ எழுதினதுல எதையாவது மாத்தணுமா?"

"இல்ல."

"அப்போ அந்த இன்னொரு பக்கம் எதுக்கு?"

கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். அவருக்கு ஒரு சரியான காரணம் கிடைத்திருந்தால் அனுப்பியிருப்பார், அப்படிப்பட்ட ஆள்தான். "நல்லாவும் இருக்கு, அதான்" என்றேன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

அந்தக் கேள்விக்கு இன்று என்னிடம் பதில் இருக்கிறது. கடல் தாண்டி உட்கார்ந்து முடிவெடுக்கிறவர் அந்த மெஷினைத் தொட்டதில்லை, ஓடும்போது பக்கத்தில் நின்றதில்லை. அவர் கையில் இருப்பது என் தாள் மட்டும். குறைகளை மட்டும் எழுதினால் அவர் தூக்கிப் போடத்தான் செய்வார். எதற்காக இந்தக் குறைகளைச் சரிசெய்ய மெனக்கெட வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? மேல் வாய்க்கு ஒரு சரிவான தொப்பி, கால்களுக்கு இன்னும் கொஞ்சம் அகலம், கொக்கிக்கு ஒரு பூட்டு. அந்தப் பதினொன்றில் ஏழெட்டு ஒரு மாத வேலை. அதை நான் எழுதவில்லை. கேட்டபோது சொல்லவும் தெரியவில்லை.

அந்த வாரமே பதில் வந்துவிட்டது, வேண்டாம் என்று. காரணத்துக்கு என் அறிக்கையைப் பார்க்கவும் என்று இரண்டு வரி. வடிவமைப்புப் பிரிவுக்குச் சதுரப் பெட்டியின் முன்பக்கத்துக்குப் புது நிறம் தேடும் வேலையைக் கொடுத்தார்கள்.

அன்று மாலையும் அவர் என்னோடு ஸ்டேஷனுக்கு நடந்து வந்தார். எனக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பிளாட்பாரத்தில் நின்றதும் அவரே பேசினார்.

"பதினொண்ணும் சரி, கலா. ஒன்னுகூடத் தப்பில்ல. நானே பாத்திருக்கணும்."

"இல்லங்க, நான்..."

"பன்னெண்டாவதா ஏதாவது இருக்கும்னு நெனச்சு, கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாத்தேன். வெறும் தாளா இருந்துச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு, "நான் வரேன்" என்று சொல்லிவிட்டுப் பாலம் ஏறிப் போனார். என் ரயில் இன்னும் வரவில்லை. எதிர்ப் பிளாட்பாரத்தில் அவர் எனக்கு நேராக நிற்காமல் கொஞ்சம் தள்ளி, ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றார். கிள்ளான் ரயில் முதலில் வந்தது. அது போன பிறகு அங்கே யாரும் இல்லை.

அதன்பின் நான்கு மாதம் அவர் வேலையில் இருந்தார். கேன்டீனில் பார்த்தால் நன்றாகப் பேசுவார். நாசி லெமாக் தாளை மடித்துக் குப்பையில் போடுவார், அதில் ஒன்றும் வரைந்திருக்காது. ஒரு நாள் ராஜினாமா கொடுத்துவிட்டார் என்று அறைப் பெண்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடைசி நாளன்று என் அறைக்கு வந்து எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையைச் செய்தேன். அவர் வேலையை விட்ட மாதமே படிவத்தின் முன்னால் ஒரு தனிப் பக்கம் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். இந்தச் சாமான் எதை நன்றாகச் செய்கிறது, யாருக்கு உதவும், எதைத் திருத்தினால் பிழைக்கும் என்று எழுத. முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டது. நீங்கள் இப்போது நிரப்புகிறீர்களே அந்த முதல் பக்கம், அது எப்படி வந்தது என்று இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. கருணைக்காக வைத்த பக்கம் என்று அதை நினைக்காதீர்கள். ஃபெயில் என்றால் ஃபெயில் என்று எழுதுங்கள். ஆனால் கையில் இருப்பது முழுசாக என்னவென்று எழுதிவிட்டு எழுதுங்கள்.

அவர் வேலையை விட்டுச் சில வருடம் கழித்து, நான் கார் ஓட்டப் பழகி, சொந்தமாக ஒன்று வாங்கிய பிறகு, ஒரு சனிக்கிழமை பந்திங் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஜெஞ்சாரோம் என்று பலகையைப் பார்த்ததும் வண்டி தானாகத் திரும்பியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நான்தான் திருப்பினேன். அவருடைய அண்ணன் அங்கே லோரி பட்டறை வைத்திருக்கிறார் என்று எப்போதோ சொல்லியிருந்தார். இரண்டு இடத்தில் விசாரித்ததும் கண்டுபிடித்துவிட்டேன்.

அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். சாடை அப்படியே இருந்தது.

"தம்பியா? மெல்பர்ன் போய் மூனு வருஷம் ஆச்சும்மா. அங்கதான் வேலை. கல்யாணமும் ஆயிடுச்சு. நீங்க?"

"ஷா ஆலத்துல கூட வேலை பாத்தேன் அண்ணே. இந்தப் பக்கம் வந்தேன், அதான்."

அவர் கையிலிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சாமானைச் சோதிச்சுப் பாஸ் போடுறவங்களா நீங்க?"

"ஆமா."

"சொல்லியிருக்கான். ஒரு மெஷின் செஞ்சுக்கிட்டு இருந்தானே, அப்போ. 'எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க, எனக்கு அந்தம்மா என்ன சொல்லுதுன்னு கேக்கணும் அண்ணே'ன்னு சொல்லுவான். வாங்கம்மா, உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

உள்ளே போய் உட்கார்ந்தேன். அண்ணி சிராப் சர்பத் கலக்கிக் கொடுத்தார். அண்ணன் ஒரு ரசீதின் பின்பக்கத்தில் மெல்பர்ன் முகவரியை எழுதிக் கொடுத்தார். அந்த மெஷின் என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ!

மறுநாள் உட்கார்ந்து எழுதினேன். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. அந்தப் பன்னிரண்டாவதை மட்டும் எழுதினேன். அக்கா வகுப்பில் முதல் நாள் நடந்தது, அங்கிள் சொன்னது, டான் கேட்டதற்கு நான் பதில் சொல்ல முடியாமல் நின்றது. நான்கு பக்கம் வந்தது. உறையின் பின்பக்கத்தில் என் பெயரையும் பிரிக்ஃபீல்ட்ஸ் முகவரியையும் தெளிவாக எழுதி, தபால் நிலையத்துக்குப் போய் நானே எடை போட்டு அனுப்பினேன்.

பதில் வரவில்லை. வர வேண்டும் என்று நான் அதில் கேட்கவும் இல்லை. ஆள் வீடு மாறியிருந்தால் கடிதம் திரும்பி வந்துவிடும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். ஒரு வருடம் போல, வேலை விட்டு வந்ததும் முதலில் தபால் பெட்டியைத்தான் திறந்து பார்ப்பேன். அது திரும்பி வரவில்லை.